எழுபது டிகிரி: ஒரு ஸ்லீப்பர் கட்டையின் வரலாறு

குடுமியான்மலைக்கு ரயில் கிடையாது. ரயில் பிடிக்க வேண்டுமென்றால் இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் போய்ப் புதுக்கோட்டையில் ஏற வேண்டும். ஆனாலும் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை வாசலில் ஒரு துண்டு ரயில்பாதை கிடக்கிறது. மீட்டர்கேஜ் காலத்து மரக்கட்டை. ஆறடி நீளம், எட்டு அங்குல அகலம், நாலரை அங்குல கனம். ஆணி இறங்கிய ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. அகலப்பாதை வந்து பழைய கட்டைகளை ஏலம் விட்டபோது அப்பா யாரிடமோ சொல்லி வாங்கி வந்தது. அவர் கேங்மேனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காலையில் அந்தக் கட்டையில் உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார்.

போன வருஷம் சென்னையிலிருந்து நண்பர்கள் மூன்று பேர் இசைக் கல்வெட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதற்காகத்தான் வருவார்கள். சிகாநாதசாமி கோயிலுக்குப் பின்னால், மேலைக்கோயில் என்கிற குடைவரையை ஒட்டிய பாறை முகத்தில், பதின்மூன்றுக்குப் பதினான்கு அடி பரப்பில், கிரந்த எழுத்தில் சுரக்கோவைகள் வரிவரியாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு பண்ணுக்கு. ருத்ராசாரியரின் சீடனான ஒரு அரசன், படிக்கிற பிள்ளைகளுக்காகச் செய்தது என்று கடைசியில் குறிப்பு இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன்தான் அந்த அரசன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. காலம் ஏழு, எட்டாம் நூற்றாண்டு.

நண்பர்களில் ஒருவன் கல்வெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான். "ஆயிரத்து முந்நூறு வருஷம்டா. அப்படியே இருக்கு. நாம போடற கான்கிரீட் முப்பது வருஷம் தாங்க மாட்டேங்குது."

வாட்ஸாப்பில் வாரம் ஒருமுறை வருகிற வசனம்தான். பதில் சொல்லியிருக்கலாம். நான் படித்தது சிவில் டிப்ளமோ, வேலை பார்ப்பது கட்டுமானப் பொருள் சோதனைக்கூடத்தில். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஒரு காலத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கொஞ்சம் கான்கிரீட் எங்கேயோ ரயிலுக்கு அடியில் கிடக்கிறது. அது முப்பது வருஷம் தாங்குமா என்பது எனக்கே தெரியாது. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் மரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மரம்

சென்னை மாகாணத்தில் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியது. அதே 1856இல்தான் ஹியூ கிளெகார்ன் என்கிற மருத்துவரைக் கம்பெனி அரசு சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக நியமித்தது. ஸ்காட்லாந்துக்காரர், ஆனால் பிறந்தது சென்னையில். மருத்துவராக இருந்தாலும் தாவரவியலில்தான் பைத்தியம்.

இரண்டும் ஒரே வருஷத்தில் நடந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் காட்டையும் ரயிலையும் பிரித்துப் பார்க்க முடியாத காலம் அது. ஒரு மைல் பாதை போட ஏறத்தாழ இரண்டாயிரம் கட்டைகள் வேண்டும். போட்டால் முடிந்துவிடாது. மழை, வெயில், கறையான் எல்லாம் சேர்ந்து நல்ல மரத்தையே பத்துப் பதினைந்து வருஷத்தில் தின்றுவிடும். சாதாரண மரம் அதில் பாதிகூட வராது. ஆக, பாதை நீள நீள, மாற்றவேண்டிய கட்டைகளின் கணக்கும் வருஷா வருஷம் நீண்டுகொண்டே போகும். வட ஆற்காட்டு மலைகள் ரயிலின் பசியால் மொட்டையாகிக்கொண்டிருப்பதை கிளெகார்ன் அப்போதே எழுதிவைத்தார். இந்தியாவில் காடுகளுக்கென்று தனி இலாகா வந்ததற்கும், 1865இலும் 1878இலும் வனச் சட்டங்கள் வந்ததற்கும் பல காரணங்கள் உண்டு. ஸ்லீப்பர் கட்டைக்கு மரம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் அதில் முக்கியமானது. இமயமலையின் தேவதாருவும் மத்திய இந்தியாவின் சால் மரமும் பாதைக்கு வந்தன. போதாமல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஜாரா மரத்தையும், ஐரோப்பாவிலிருந்து கிரியோசோட் எண்ணெய் ஏற்றிய பைன் மரத்தையும் கப்பலில் கொண்டுவந்தார்கள். விறகு பொறுக்கப் போனவர்களை வனச் சட்டம் தடுத்தது ஒருபக்கம், அதே காட்டு மரம் தண்டவாளத்துக்கு அடியில் மக்கிக்கொண்டிருந்தது இன்னொருபக்கம்.

எங்கள் பக்கம் ரயில் வந்தது ரொம்பத் தாமதம். திருச்சியிலிருந்து கீரனூர் வழியாகப் புதுக்கோட்டை வரை 1929இல், அடுத்த வருஷம் மானாமதுரை வரை. சமஸ்தானத்தில் ராஜகோபாலத் தொண்டைமான் பட்டத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அவருக்கு வயது ஆறோ ஏழோ. அந்தப் பாதைதான் மானாமதுரையில் ராமேஸ்வரம் போகிற பாதையோடு சேர்கிறது. மதுரையைச் சுற்றாமல் கடலுக்குப் போகிற வழி.

அப்பா வேலைக்குச் சேர்ந்தது இந்த மீட்டர்கேஜ் காலத்தில். தென்னகத்து மீட்டர்கேஜில் மரம் மட்டும் இல்லை, தகட்டை வளைத்துச் செய்த இரும்புக் கட்டைகளும், சிஎஸ்டி-9 என்று பெயர்கொண்ட வார்ப்பிரும்புத் தட்டுகளும் உண்டு. மரக்கட்டையை ரெண்டு ஆள் தூக்கிவிடலாம். உளுத்திருந்தால் கடப்பாரை முனையால் குத்திப் பார்த்தாலே சத்தத்தில் தெரியும். "நல்ல மரம் டொக்குனு பேசும். செத்த மரம் பேசாது" என்பார் அப்பா.

தோட்டக்காரரும் வண்டிச் சக்கரமும்

கான்கிரீட் ஸ்லீப்பர் ஏதோ நேற்று வந்த யோசனை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர், பூந்தொட்டி உடையாமல் இருக்கக் கம்பிவலை வைத்து சிமெண்ட் பூசி, 1867இல் காப்புரிமை வாங்கினார். அடுத்த பத்து வருஷத்தில் அதே உத்தியை ரயில் கட்டைக்கும் எழுதிவைத்தார். ராயபுரம் ரயிலுக்கு அப்போது இருபத்தொரு வயது.

ஆனால் அந்த ஆரம்பகாலக் கட்டைகள் நிற்கவில்லை. கான்கிரீட்டை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். ரயில் கட்டை இரண்டு தண்டவாளத்துக்கு அடியிலும் கீழ்ப்பக்கம் இழுபடும், நடுவில் மேல்பக்கம் இழுபடும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒருமுறை. உள்ளே வெறும் கம்பி இருந்தால் போதாது. முதலில் மயிரிழை விரிசல், அதில் தண்ணீர், பிறகு துரு.

இதற்கு விடை எங்கள் ஊர்ப் பட்டறையிலேயே இருந்தது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இரும்புப் பட்டையைத் தீயில் சிவக்கக் காய்ச்சி, மரச் சக்கரத்தில் மாட்டி, தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும். சுருங்கி மரத் துண்டுகளை எல்லாப் பக்கமும் இறுக்கிப் பிடிக்கும். அதற்கப்புறம் வண்டி எவ்வளவு குலுங்கினாலும் மூட்டு விடாது, ஏனென்றால் குலுக்கல் முதலில் அந்த இறுக்கத்தைத் தோற்கடித்தாக வேண்டும். பிரெஞ்சுப் பொறியாளர் யூஜீன் ஃப்ரேசினே 1928இல் காப்புரிமை பெற்றது இதே தத்துவத்தைத்தான். நல்ல உறுதியான எஃகுக் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றி, அது இறுகியதும் கம்பியை விட்டுவிடு. கம்பி பழைய நீளத்துக்குப் போகப் பார்க்கும். கான்கிரீட் நிரந்தரமாக அமுக்கப்பட்ட நிலையிலேயே வாழும்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனுக்கு மர இறக்குமதி நின்றபோது இந்த முன்னழுத்தக் கட்டைகள் அங்கே பாதைக்கு வந்தன. மரம் இல்லாத காரணத்தால்தான் வந்தன, மரத்தைவிட நல்லது என்பதால் அல்ல. இந்தியாவிலும் கதை அதேதான். 1960களின் பிற்பகுதியில் சோதனை, 1980களில் பெருவாரியாகப் பரவல், பிறகு அகலப்பாதைத் திட்டங்களோடு மூலைமுடுக்கெல்லாம். லக்னோவில் இருக்கிற ஆர்.டி.எஸ்.ஓ. என்ற ரயில்வே ஆராய்ச்சி அமைப்பு வரைந்த ஒரே மாதிரி அச்சில், நாடு முழுக்கத் தனியார் ஆலைகள் வார்க்கின்றன. கட்டையின் நீளம் 2.75 மீட்டர், எடை 250 கிலோவுக்கு மேல். உள்ளே மூன்று மி.மீ. கம்பி மூன்றை முறுக்கிய இழைகள் 18. ஒவ்வொன்றையும் சுமார் 2.7 டன் விசையில் இழுத்துப் பிடிப்பார்கள். மொத்தம் கிட்டத்தட்ட 49 டன். முக்கியப் பாதைகளில் ஒரு கிலோமீட்டருக்கு 1660 கட்டைகள்.

எங்கள் பக்கத்துப் பாதைக்கு அந்தக் கட்டைகள் 2000களின் நடுவில் அகலப்பாதையோடு வந்தன. அப்பாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. "ரெண்டு ஆளு தூக்குன வேலைய இப்ப மெஷின்தான் தூக்குது. கட்டை செத்தா சத்தமும் வராது, ஒரு மண்ணும் வராது" என்றார். இந்தக் கட்டைக்குப் பொதுவாகச் சொல்கிற ஆயுள் ஐம்பது வருஷம்.

நீராவி

டிப்ளமோ முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு ஸ்லீப்பர் ஆலையில். வேறு மாவட்டம். பெயர் வேண்டாம். நான் தரக்கட்டுப்பாட்டில் கடைசி ஆள். க்யூப் உடைப்பது, கட்டையை வளைத்துச் சோதிப்பது, நீராவி அறையின் வெப்பநிலைத் தாளில் கையெழுத்துப் போடுவது.

நீராவி எதற்கு என்று சொல்ல வேண்டும். கான்கிரீட் தானாக இறுகட்டும் என்று விட்டால் கம்பியை விடுகிற அளவுக்கு வலு வர நாட்கள் ஆகும். அவ்வளவு நாளும் அச்சு சும்மா கிடக்கும். அச்சுதான் ஆலைக்கு முதல். அது காலையில் காலியாகி மறுபடி நிரம்பினால்தான் கணக்கு ஓடும். அதனால் ராத்திரி நீராவி பாய்ச்சி, ஒரே இரவில் வலுவை வரவழைப்பார்கள். ரயில்வேக்கென்றே 53-எஸ் என்று தனி சிமெண்ட் உண்டு, நைசாக அரைத்தது, சீக்கிரம் இறுகும். சீக்கிரம் இறுகுகிற சிமெண்ட் தன் சூட்டையும் சீக்கிரமாகவே வெளியிடும். வெளியில் மே மாதம். ஜல்லியும் மணலும் தொட்டாலே சுடும். இதற்கு மேல் நீராவி.

அதனால்தான் விதிகள். வார்த்தவுடன் நீராவியைத் திறக்கக் கூடாது, கொஞ்ச நேரம் சும்மா விட வேண்டும். மெல்ல ஏற்ற வேண்டும், ஓர் எல்லைக்கு மேல் போகக் கூடாது, மெல்ல இறக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் மணிக்கணக்கு உண்டு.

அன்று சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. வார்ப்பு தாமதமாகிவிட்டது. காலை ஷிப்டுக்கு அச்சு வேண்டும். நீராவியைச் சீக்கிரம் திறந்தார்கள், வேகமாக ஏற்றினார்கள். நான் காலை நாலு மணிக்கு அறைக்குப் போனபோது முள் 82ஐத் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "க்யூப் ஒடச்சுப் பாரு தம்பி. வலு இருந்தா போட்டுடு" என்றார். உடைத்தேன். வலு நன்றாகவே இருந்தது, வழக்கத்தைவிடக் கூடுதலாக. ஒரு கட்டையை வளைத்தும் பார்த்தேன். பாஸ். தாளில் எந்த எண்ணை எழுதினால் யாரும் கேட்க மாட்டார்களோ அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அறையில் 160 கட்டைகள் இருந்தன. பாதையில் வரிசையாக அடுக்கினால் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு எஞ்சினும் மூன்று பெட்டியும் நிற்கிற நீளம்.

ஊசிகள்

அந்த 82க்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது முழுசாகத் தெரியாது. "அதிகச் சூடு ஆகாது" என்று படித்திருந்தேன், அவ்வளவுதான். பிறகு சோதனைக்கூட வேலைக்கு வந்து, ஓய்வு நேரத்தில் ஆய்வுக் கட்டுரைகள் படிக்க ஆரம்பித்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது.

ஜெர்மனியில் எட்ரிங்கன் என்றொரு ஊர். எரிமலைப் பாறைகள் உள்ள பகுதி. அங்கே கிடைத்த ஊசி ஊசியான ஒரு கனிமத்தை 1874இல் விவரித்து, ஊர்ப் பெயரையே வைத்து எட்ரிங்கைட் என்றார்கள். இதே கனிமம் சிமெண்டிலும் பிறக்கிறது. சிமெண்டில் தண்ணீர் பட்டவுடன் அதிலிருக்கிற அலுமினேட்டும் ஜிப்சத்தின் சல்பேட்டும் சேர்ந்து, ஏராளமான தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இந்த ஊசிகளாக வளரும். கான்கிரீட் இன்னும் குழைவாக இருக்கிற நேரம். ஊசி வளர்ந்தாலும் இடம் கொடுக்கும். ஒரு தொந்தரவும் இல்லை.

சூடு ஏறக்குறைய எழுபது டிகிரியைத் தாண்டினால் கதை மாறிவிடுகிறது. அந்தச் சூட்டில் எட்ரிங்கைட் நிலைக்காது. கலைந்துவிடும். சல்பேட் போய் சிமெண்டுப் பசைக்குள் ஒளிந்துகொள்ளும். கட்டை ஆறி, இறுகி, சோதனையில் பாஸாகி, லாரியில் ஏறி, பாதைக்குப் போய்விடும். வருஷக்கணக்காக ஒன்றும் நடக்காது. பிறகு, தண்ணீர் தொடர்ந்து பட்டால், ஒளிந்திருந்த சல்பேட் வெளியே வந்து மறுபடி எட்ரிங்கைட்டாகும். இப்போது கான்கிரீட் கல்லாக இருக்கிறது. இடம் இல்லை. உள்ளிருந்தே உப்பும். கட்டையில் நிலப்படம் போல விரிசல்கள், கம்பி போகிற நீளவாக்கிலும் விரிசல்கள். தாமதமான எட்ரிங்கைட் என்று இதற்குப் பெயர்.

1980களில் ஜெர்மனியிலும் பின்லாந்திலும் சூடேற்றிச் செய்த ஸ்லீப்பர்கள் இப்படி வெடித்தபோதுதான் ஆய்வாளர்கள் இதைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள். சுவீடனில் 1990களில் செய்த கட்டைகளிலும் இதே வியாதியைக் கண்டு 2004இல் எழுதினார்கள். நடுவில் பெரிய சண்டையும் நடந்தது. 1940இல் கலிபோர்னியாவில் தாமஸ் ஸ்டாண்டன் கண்டுபிடித்த இன்னொரு நோய் உண்டு. சிமெண்டின் காரமும் சில வகைக் கற்களின் சிலிக்காவும் சேர்ந்து ஒரு பசையாகி, அந்தப் பசை தண்ணீர் குடித்து உப்பும். இந்தியாவில் ஹிராகுட், ரிஹந்த் அணைக் கட்டுமானங்களைப் படுத்தியது அதுதான். ஸ்லீப்பர் வெடித்தது இதனாலா அதனாலா என்று 1990கள் முழுக்க வாதம். பல கட்டைகளில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஒன்று திறந்த விரிசலில் மற்றது புகுந்துகொள்ளும். இந்திய ரயில்வேயின் கட்டைகளில் வந்த விரிசல்களுக்கும் இந்த மாதிரி உப்பல் காரணமா என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் சேர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

எனக்குத் தூக்கம் கெட்டது ஒரே விஷயத்தால். சூடு அதிகமான கட்டை மறுநாள் காலைச் சோதனையில் தோற்காது. அன்று நான் செய்த க்யூப் சோதனை எனக்கு உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கக்கூடிய ஒரே சாட்சி அந்த வெப்பநிலைத் தாள். அதைத்தான் நான் மாற்றி எழுதியிருந்தேன்.

அப்பாவின் பட்டியல்

அப்பாவிடம் சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. ஒரு நாள் சாயங்காலம் அந்த மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்க போச்சு அந்தக் கட்டை?" என்றார்.

"தெரியலப்பா."

"தண்ணி நிக்கிற எடமா, மேடா?"

"அதுவும் தெரியாது."

பிறகு அவர் சொன்னதுதான் எந்தக் கட்டுரையிலும் எனக்கு அந்த வரிசையில் கிடைக்காத பாடம். கான்கிரீட் கட்டை எதனால் சாகும் என்று முப்பது வருஷம் பாதையில் நடந்த ஒருவர் போட்ட பட்டியல்.

முதலில் ரப்பர். தண்டவாளத்துக்கும் கட்டைக்கும் நடுவில் வரிவரியாகப் பள்ளம் உள்ள ஒரு ரப்பர் பேட் இருக்கும். அது நசுங்கியோ நகர்ந்தோ போனால், சக்கரம் வரும்போதெல்லாம் இரும்பு கான்கிரீட்டின் மேல் தேயும். கூடவே மழைத்தண்ணீரும் பொடி மண்ணும் சேர்ந்தால் அரைக்கிற கல் மாதிரிதான். தண்டவாளம் உட்காருகிற இடமே குழியாகிவிடும். வட அமெரிக்காவில் கனரகச் சரக்குப் பாதைகளில் இதுதான் பெரிய தலைவலி என்று பிறகு படித்தேன். அப்பா அதைப் படிக்கவில்லை, குனிந்து பார்த்திருக்கிறார்.

இரண்டாவது கிளிப்பு. பெர் பாண்டே-ரோல்ஃப்சன் என்ற நார்வேக்காரர் 1950களில் உருவாக்கிய வளைந்த எஃகுக் கிளிப்பின் வழிவந்தவைதான் இன்று நம் பாதையில் தண்டவாளத்தைப் பிடித்திருக்கின்றன. அது கட்டையில் பதித்த வார்ப்பிரும்புத் துளைக்குள் உட்காரும். துருப்பிடித்துத் துளையோடு ஒட்டிக்கொண்டால் கழற்றும்போது அடிக்கிற அடியில் கட்டை மூலை உடையும். அதற்காகத்தான் கழற்றிச் சுத்தம் செய்து கிராஃபைட் கிரீஸ் தடவுவது. மண்டபம், பாம்பன் பக்கம் வேலை பார்த்த கூட்டாளிகள் இதைப் புலம்பியே தீர்ப்பார்களாம். உப்புக்காற்று ஒரு கிளிப்பையும் விட்டுவைக்காது.

மூன்றாவது பேக்கிங். கட்டையின் இரண்டு தோள்களுக்கு அடியில்தான் ஜல்லி இறுக்கமாக இருக்க வேண்டும். நடுவில் 800 மி.மீ. அளவுக்கு இறுக்கக் கூடாது. நடுவில் இறுகிவிட்டால் கட்டை தராசு மாதிரி ஆடும். ரெண்டு பக்கமும் எடை தொங்க, நடு முதுகில் விரியும். தட்டையான சக்கரம் 'தட் தட்'டென்று அடித்துக்கொண்டு போனாலும் இதேதான். தடம்புரண்ட சக்கரம் ஒன்று ஓடினால் வரிசையாக நூறு கட்டை காலி.

நாலாவதாக ஜல்லியைச் சொன்னார். அதில்தான் ரொம்ப நேரம் நின்றார். ஜல்லி எடை தாங்க மட்டும் இல்லை, தண்ணீர் போக. கோணலும் மாணலுமாக இருக்கிற கல்லுக்கு நடுவில் சந்து இருக்கும், அதில் தண்ணீர் இறங்கிப் போய்விடும். ரயில் ஓட ஓட, கல் ஒன்றோடொன்று உரசிப் பொடியாகும், மூலை மழுங்கும். அடிமண் மேலே வரும். சந்து அடைபடும். கட்டை சேற்றில் உட்காரும். அதற்காகத்தான் பத்து வருஷத்துக்கு ஒருமுறையாவது ஜல்லியைத் தோண்டிச் சலித்துப் போடுவது. அதற்காகத்தான் பக்கவாட்டு வாய்க்காலில் புல் வெட்டுவது.

"நீ சொல்ற அந்தச் சனியன் தண்ணி பட்டாத்தான முழிக்கும்?" என்றார்.

"ஆமா."

"அப்ப எவனோ ஒருத்தன் ஒழுங்கா வாய்க்கா வெட்டணும். ஒனக்காக."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஆலையில் ஒரு இரவு மிச்சம் பிடித்த நேரத்துக்கு, முகம் தெரியாத ஒரு டிராக்மேன் இருபது வருஷம் குனிந்து வட்டி கட்டவேண்டும். கட்டை விரிந்தால் முதலில் அதன்மேல் நடந்துபோய்ப் பார்க்கப்போகிறவரும் அவர்தான். உடனே ரயில் கவிழ்ந்துவிடும் என்றில்லை. பக்கத்துக் கட்டைகள் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும், நடந்து பார்க்கிறவர்கள் குறித்துக்கொள்வார்கள், மாற்றுவார்கள். ஆனால் அந்த "நடந்து பார்க்கிறவர்கள்" என்ற சொல்லுக்குள் என் அப்பாவின் இரண்டு முழங்கால்களும் இருக்கின்றன.

ஒரே கல்

இப்போது நண்பனுக்குப் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

இசைக் கல்வெட்டு நிற்பதற்குக் காரணம் கல் உறுதியானது என்பது மட்டுமில்லை. எங்கள் மாவட்டத்துக் குவாரிகளில் இதே வகைக் கருங்கல்லைத்தான் உடைத்து ஜல்லியாக்குகிறார்கள். பாறையாக இருந்தபோது ஆயிரத்து முந்நூறு வருஷம் சுரங்களைத் தாங்கி வைத்திருந்த கல், பாதையில் போட்டால் சில வருஷங்களில் மூலை மழுங்கிப் பொடியாகிறது. கல் மாறவில்லை. அதற்குக் கொடுத்த வேலை மாறிவிட்டது. பாறை முகம் எதையும் சுமப்பதில்லை, அசைவதில்லை. மழை பெய்தால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், தங்காது. கான்கிரீட் கட்டையோ அச்சுக்கு இருபது டன்னுக்கு மேல் சுமக்கிற வண்டிகளைத் தினமும் தாங்குகிறது, வெயிலில் காய்கிறது, சாக்கடையில் ஊறுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து முன்னோர் பெரியவர், நாம் மட்டம் என்பது கான்கிரீட்டுக்குச் செய்கிற அநியாயம்.

முன்னோரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. தமிழ்நாட்டின் பல சமணக் குகைத்தளங்களில் மேல் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மழைத்தண்ணீர் பாறையில் ஒட்டிக்கொண்டே உள்ளே வராமல், அந்த இடத்தில் பிரிந்து வெளியே சொட்டுவதற்கு. இரண்டாயிரம் வருஷம் முன்பு அங்கே உளி பிடித்தவருக்குக் கல் எவ்வளவு உறுதி என்பதில் சந்தேகமே இருந்திருக்காது. இருந்தும் தண்ணீரைத் திருப்பிவிட மெனக்கெட்டிருக்கிறார். அப்பா வெட்டிய வாய்க்காலும் அதே வேலைதான். ஐம்பது வருஷம் என்று நாம் எழுதிவைக்கிற ஆயுளில் பாதி கான்கிரீட்டில் இருந்தால், மீதி அந்த மண்வெட்டியில் இருக்கிறது. நான் அந்த முதல் பாதியில் கை வைத்தேன்.

ஒவ்வொரு கான்கிரீட் கட்டையின் முதுகிலும் செய்த ஆலையின் குறியும் வருஷமும் எழும்பித் தெரியும்படி வார்த்திருப்பார்கள். ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். திருச்சி ஜங்ஷனில், விழுப்புரத்தில், போன மாதம் ராமேஸ்வரம் போனபோது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நடைமேடை ஓரத்தில் குனிந்து, நான் வேலை பார்த்த வருஷத்தைத் தேடினேன். ரெண்டு தடவை அதே குறி, அதே வருஷம் கிடைத்திருக்கிறது. விரிசல் இல்லை. ஆனால் அந்த வருஷம் முழுக்க அந்த ஆலை ஆயிரக்கணக்கில் வார்த்தது. என் 160 எது என்று கட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஊருக்குத் திரும்பியதும் அப்பா பேப்பரிலிருந்து தலை தூக்காமல் கேட்பார். "பாத்தியா?"

"பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"மழை முடியட்டும். மறுபடி பாரு."